கியர் லீவரின் ஆட்டமும் வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைவதுதான் பிழைப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையானால் வாசலில் ஒரு பழைய கார் வந்து நிற்கும். இறங்குகிறவர் கையில் தேய்ந்துபோன ஒரு புஷ், அதாவது மூட்டில் மாட்டும் சின்ன வளையம், இருக்கும். "இதே மாதிரி ஒன்று கடைந்து கொடுங்கள் அண்ணா, கியர் சரியாக விழமாட்டேன் என்கிறது" என்பார். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று பொள்ளாச்சி, பல்லடம், கோபி வரைக்கும் பேச்சு போய்விட்டது. எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம். நான் மெக்கானிக் இல்லை. கியர் பாக்ஸைப் பிரிக்கிற வேலைக்குப் போவதும் இல்லை. லீவரின் உச்சியிலிருந்து கியர் பாக்ஸின் வாசல்படி வரைக்கும் உள்ள சங்கதிதான் எனக்குப் பழக்கம். அதைச் சொல்கிறேன்.

கே: என் காரில் லீவர் ரொம்ப தூரம் போய் வருகிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் வாங்கிப் போட்டுவிடலாமா?

முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை லீவருக்குப் பக்கத்தில், முன்னும் பின்னுமாகப் படுக்கவைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். கிளட்சை மிதித்து முதல் கியரில் முட்டும்வரை தள்ளுங்கள். லீவர் உச்சிக் குமிழான கியர் நாபின் நடுப்புள்ளி ஸ்கேலில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது கியரில் முட்டும்வரை இழுத்து, அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வீச்சு. அடுத்து, இரண்டாவது கியரில் இருக்கும்போதே இரண்டு விரலால் மட்டும் லீவரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு தூரம் போகிறதோ, அது ஆட்டம்.

என் கார் 2010இல் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக். நான் முதல்முதலில் அளந்தபோது வீச்சு 14 செ.மீ., அதில் ஆட்டம் மட்டும் 3 செ.மீ. இரண்டு புஷ்களை மாற்றிய பிறகு ஆட்டம் அரை சென்டிமீட்டருக்கு வந்தது. வீச்சு தானாகவே 11.5 ஆகிவிட்டது. ஷார்ட் ஷிஃப்டர் எதுவும் வாங்கவில்லை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "வீச்சு நீளம்" என்று சொல்வது உண்மையில் ஆட்டத்தைத்தான். சோறு குழைந்துவிட்டதற்குப் பாத்திரத்தைக் குறை சொல்வது போல.

கே: ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

லீவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே எத்தனை மூட்டுகள் இருக்கின்றனவோ, அத்தனை இடத்திலிருந்தும் வரும்.

ஜீப், பழைய பொலிரோ மாதிரி பின்சக்கர வண்டிகளில் லீவர் நேரே கியர் பாக்ஸின் தலையில் உட்கார்ந்திருக்கும். மூட்டு குறைவு, ஆட்டமும் குறைவு. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர் பாக்ஸ் பானட்டுக்குள் குறுக்காகப் படுத்திருக்கிறது. லீவரோ இரண்டு சீட்டுக்கு நடுவே. இடையில் உள்ள தூரத்தைக் கடக்க, மாருதி 800 காலத்தில் இரும்புக் கம்பி லிங்கேஜ் இருந்தது. இன்றைய பெரும்பாலான கார்களில் இரண்டு கேபிள்கள். ஒன்று லீவரை இடமும் வலமும் அசைப்பதைக் கொண்டுபோகும். மற்றது முன்னும் பின்னும் தள்ளுவதைக் கொண்டுபோகும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ். அடியில் லீவர் திரும்பும் உருண்டைக்குக் கீழே ஒரு நைலான் கிண்ணம். இவற்றில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். கீழே உள்ள அரை மில்லிமீட்டரை மேலே நாபில் நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டுவதுதான் லீவரின் வேலையே.

அப்பாவிடம் இருந்த அம்பாசிடரில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. அதில் மூட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. பழகாதவர் உட்கார்ந்தால் இரண்டாவது கியர் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடவேண்டும். அப்பா மட்டும் பேசிக்கொண்டே போடுவார்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு காரணங்களையும் சொல்லவேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு காரின் கன்சோலைக் கழற்றினேன். லீவர் உருண்டையைச் சுற்றி இருந்த கிரீஸில் தென்னை நார்த் தூள் ஒட்டி, கெட்டியாகி, பார்ப்பதற்குக் கருப்பட்டி போல இருந்தது. திருப்பூர்க் கார் என்றால் அதே இடத்தில் பஞ்சு. கிரீஸும் தூளும் சேர்ந்தால் அது கிரீஸ் இல்லை, அரைக்கிற பசை. இரண்டாவது காரணம் டீ. பேப்பர் கப்பை லீவருக்கு முன்னால் வைத்து, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பாதி டீ லீவரின் அடியைச் சுற்றி மூடியிருக்கும் உறைக்குள் (பூட்) போய்விடும். சர்க்கரை காய்ந்ததும் லீவர் தேன் ஜாடிக்குள் மாட்டிய கரண்டி மாதிரி ஆகிவிடும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிகோன் கிரீஸ் வைத்தால் சரியாகும். ரப்பர் புஷ் இருக்கும் இடத்தில் சாதாரண கிரீஸைத் தடவாதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் ஊறிப் பெருத்துவிடும்.

கே: ஆட்டமே இல்லை. ஆனால் கியர் கல்லாக இருக்கிறது, தள்ளவே முடியவில்லை. இதற்கு என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் இதில்தான் தவறான இடத்தில் பணம் போகிறது.

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கல்லாக இருந்தால் லீவரையும் கேபிளையும் விட்டுவிடுங்கள். கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால் கேபிள், புஷ், லிங்கேஜ் பக்கம் பாருங்கள்.

கிளட்ச் விடாததற்குக் காரணம் தேடுமுன் குனிந்து மிதியடியைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பெனி மேட்டின் மேல் தடிமனான இன்னொரு மேட்டைப் போட்டு, அதன் மேல் மழைக்காலத்துக்கு ஒரு ரப்பர் மேட்டையும் போட்டிருப்பார்கள். பெடல் தரைக்குப் போகுமுன் மேட்டில் முட்டி நின்றுவிடும். சூலூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கிளட்ச் செட் மாற்றவேண்டும் என்று ஓர் ஒர்க்ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். மேலே கிடந்த இரண்டு மேட்டையும் எடுத்துப் பின்சீட்டில் போட்டேன். கியர் விழுந்தது. அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

மேட் காரணம் இல்லை என்றால் இரண்டு வகை. கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டிருக்கும். பெடலின் மேல்முனையில் வெற்று அசைவு அதிகமாகியிருக்கும். கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்கு அட்ஜஸ்ட் செய்தால் தீரும். ஆயில் கிளட்ச் என்றால் லைனில் ஏர் பிடித்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரோ கீழ்ச் சிலிண்டரோ கசியலாம். பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்த பிறகு கியர் எளிதாக விழுந்தால் ஏர்மீது சந்தேகப்படுங்கள். அதில் ஓடுவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நிறம் கறுத்திருந்தால் மாற்றும் வேளை எப்போதோ வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு சோதனை: எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுதாக மிதித்து, பத்து எண்ணி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். "கர்ர்" என்று கடித்தால் கிளட்ச் இன்னும் கியர் பாக்ஸைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.

கே: பத்து எண்ணாமல் உடனே போட்டால்தான் ரிவர்ஸ் கடிக்கிறது. அதுவும் கோளாறா?

இல்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கோன், அதாவது சக்கரங்களின் வேகத்தை உராய்வால் ஒன்றாக்கும் பாகம், கிடையாது. உள்ளே சுற்றும் பல்சக்கரம் நிற்க இரண்டு மூன்று விநாடி கொடுங்கள். அவசரமென்றால் முதலில் ஒரு முன்கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். அந்தக் கியரின் கோன் சக்கரத்தை நிறுத்திக் கொடுத்துவிடும்.

கே: கியர் ஆயிலை மாற்றினால் கியர் மென்மையாகுமா? "தொண்ணூறு நம்பர் ஆயில்" ஊற்றலாமா?

ஆகும், ஆனால் சரியான ஆயில் என்றால் மட்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் தொண்ணூறு நம்பர் ஆயில் என்பது ஒரு காலத்தில் எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம். அம்பாசிடருக்கும் அதே, லாரிக்கும் அதே, பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுனுக்கும் அதே. இன்றைய சின்னக் கார்களின் கியர் பாக்ஸ் அதைவிட மெல்லிய ஆயிலுக்காகச் செய்யப்பட்டது. 75டபிள்யூ-80, 75டபிள்யூ-85, 75டபிள்யூ-90 என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். கெட்டியான ஆயிலை ஊற்றினால் கோனை உராய்ந்து பிடிக்கும் சிங்க்ரோ ரிங்கால் ஆயில் படலத்தைப் பிழிந்து தள்ள முடியாது. காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். என் காரிலேயே இது நடந்தது. ஆயில் மாற்றிக் கொடுத்த இடத்தில் டிரம்மில் இருந்ததை ஊற்றிவிட்டார்கள். மார்கழிக் காலையில் கணபதியிலிருந்து காந்திபுரம் போகும்வரை இரண்டாவது கியரோடு மல்லுக்கட்டினேன். கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றிய மறுநாளே சண்டை நின்றது.

எஞ்சின் ஆயில் எண்ணையும் கியர் ஆயில் எண்ணையும் ஒப்பிடாதீர்கள். அவை வேறு வேறு அளவுகோல்கள். 90 என்ற எண்ணைப் பார்த்து 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பார்கள். 100 டிகிரிச் சூட்டில் 75டபிள்யூ-90 கியர் ஆயிலும் 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

அடுத்தது ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற எழுத்து. ஜிஎல்-5 பெரிய எண், ஆகவே உயர்ந்த சரக்கு என்று கடைக்காரர் சொல்வார். ஜிஎல்-5 முக்கியமாகக் கிரவுன் பினியனுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்தும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் அதிகம் கலந்திருக்கும். கியர் பாக்ஸில் உள்ள சிங்க்ரோ ரிங் பலவற்றில் பித்தளை. சூடு ஏற ஏற அந்தக் கந்தகம் பித்தளையைத் தின்னக்கூடும். அது மட்டுமில்லை, சிங்க்ரோ வேலை செய்வதே உராய்வால். வழுக்கல் கூடினால் ரிங் பிடிக்காமல் நழுவும், பல் கடிக்கும். இரண்டுக்கும் ஏற்றது என்று அச்சிட்ட ஆயில்களும் உண்டு. உங்கள் கையேடு எதைக் கேட்கிறதோ அதை ஊற்றுங்கள். டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பதை இல்லை.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒரு பழக்கம் வேண்டும்: கீழே வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எல்லா ஆயிலையும் வடித்த பிறகு மேல் பிளக் கழலாவிட்டால் கார் அங்கேயே குடியிருக்கும். வடித்த பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதின் தேய்மானம். நகத்தில் எடுக்கும்படி துண்டுகள் இருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: மற்ற எல்லாம் சரி, வேகமாக மாற்றினால் இரண்டாவது கியர் மட்டும் கடிக்கிறது.

அந்தக் கியரின் சிங்க்ரோ கோன் தேய்ந்திருக்கும். மெதுவாக மாற்றினால் கடிக்காது, வேகமாக மாற்றினால் கடிக்கும் என்பதுதான் அடையாளம். இதற்கு வெளியிலிருந்து மருந்து இல்லை. கியர் பாக்ஸ் இறங்கவேண்டும். அதுவரைக்கும் டபுள் கிளட்ச் போட்டு ஓட்டலாம்.

சங்ககிரியில் லாரி ஓட்டிய என் பெரியப்பாவுக்கு இது மூச்சு விடுவது போல. அவர் காலத்து லாரிகளில் சிங்க்ரோ இல்லை. கியர் குறைக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார். தட்டுகிற அளவு சரியாக இருந்தால் ஐந்து டன் பாரத்தோடும் சத்தமே வராது. சரியில்லை என்றால் கியர் பாக்ஸ் நான்கு தெருவுக்குக் கேட்கும்படி திட்டும். காரில் கிளீனராக உட்காரவைத்து என்னைப் பழக்கினார். ஒரு மாதம் ஆனது.

கே: சரி, ஆட்டமும் போய்விட்டது, கிளட்சும் ஆயிலும் சரி. இப்போதாவது ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

இப்போது பேசலாம். கணக்கு கடப்பாறைக் கணக்குதான்.

லீவர் திரும்பும் உருண்டைக்கு மேலே நாப் வரை 24 செ.மீ., கீழே கேபிள் மாட்டும் இடம் வரை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நான்கு. கியர் பாக்ஸ் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகக் கேபிள் 3 செ.மீ. நகரவேண்டும் என்றால், நாப் 12 செ.மீ. போகும். ஷார்ட் ஷிஃப்டர் செய்வது, கீழ்ப்பகுதியை நீட்டுவது. 6 செ.மீ.யை 7.5 ஆக்கினால் விகிதம் 3.2, நாபின் வீச்சு 9.6 செ.மீ. ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனால் கியர் பாக்ஸ் கேட்கும் பலம் குறையவில்லை. நீங்கள் கால்பங்கு கூடுதலாகத் தள்ளவேண்டும். பாறையை நகர்த்தக் குட்டைக் கடப்பாறையைக் கொடுத்தால் தோள் வலிக்கத்தான் செய்யும். தூரத்தில் மிச்சம் பிடித்ததை பலத்தில் கட்டியாக வேண்டும்.

அந்தக் கூடுதல் பலம் எங்கே போகிறது? குறைந்துபோன கடப்பாறைப் பலனை ஈடுகட்டத்தான்; கேபிளுக்கும் சிங்க்ரோ ரிங்குக்கும் போவது பழைய பலமேதான். அங்கே வேலை முடிய எடுக்கும் நேரம் மாறாது. ரிங் இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒன்றாக்கியே தீரவேண்டும். வீச்சு குறைந்த உற்சாகத்தில் நீங்கள் வேகமாக அடித்தால், ரிங் சரியாகப் பிடிக்குமுன் தள்ளப்படும். ஒழுங்காக ஓட்டுகிறவர்களுக்கு ஷார்ட் ஷிஃப்டரால் ஒரு கெடுதலும் வராது. அடித்து ஓட்டுகிறவர்களுக்கு எதுவுமே நிலைக்காது.

கேபிள் கார்களில் இன்னொரு வகை உண்டு. கியர் பாக்ஸ் பக்கத்தில் கேபிள் மாட்டும் கையைக் குட்டையாக்குவார்கள். அதே கணக்குதான். அந்தக் கையில் பல கார்களில் ஒரு இரும்புக்கட்டி தொங்கும். அழகுக்கு வைக்கவில்லை; லீவர் நடுவழியில் தடுமாறாமல் உருண்டு போவதற்கு அந்த எடைதான் துணை. அதை வெட்டி எடுத்துவிட்டு "கியர் கரடுமுரடாகிவிட்டது" என்று வருகிறவர்கள் உண்டு.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால்: வீச்சைக் குறைக்க மலிவான வழி லீவரையே குட்டையாக்குவது. மேலே உள்ள 24 செ.மீ.யை 19.2 ஆக்கினாலும் விகிதம் அதே 3.2. லேத்தில் வெட்டி, நாபைத் திருக மரை போட்டுக் கொடுக்க எனக்கு அரைமணி. ஆனால் கை அவ்வளவு கீழே இறங்கவேண்டும். திருப்பூர் நெரிசலில் ஒரு மணி நேரம் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஓட்டிப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். வெட்டுமுன் ஒரு வாரம் நாபைக் கழற்றிவிட்டு, லீவரின் அந்த உயரத்தில் துணி சுற்றிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்டமுடியாது.

புதுக் கார் என்றால் வாரண்டி முடியும்வரை இதில் எதையும் தொடாதீர்கள்.

கே: லேத்தில் கடையும் புஷ்ஷுக்கு எந்தப் பொருள் நல்லது?

பித்தளை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். பித்தளை எளிதில் தேயாது, ஆட்டம் சீக்கிரம் வராது, உண்மை. ஆனால் எஞ்சினின் அதிர்வு அத்தனையும் நேரே உள்ளங்கைக்கு வரும். கிரீஸ் வற்றினால் கிரீச்சிடும். அதோடு மோதும் இரும்புப் பின் தேய ஆரம்பிக்கும். புஷ் மாற்றுவது பத்து ரூபாய் சமாச்சாரம், பின் மாற்றுவது அப்படி இல்லை.

நைலான் எளிதாகக் கிடைக்கும், எளிதாகக் கடையலாம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். வெயில் காலத்தில் அளவாகக் கடைந்த புஷ், ஐப்பசி மழையில் இறுகிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது டெல்ரின் என்ற பிளாஸ்டிக். ஈரத்தைக் கண்டுகொள்ளாது, வழவழப்பு அதனுடைய பிறவிக்குணம். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி விடுவேன். அதற்கும் குறைந்தால் சூட்டில் பிடிக்கும், கூடினால் ஆட்டம் திரும்பிவிடும்.

கம்பெனி ரப்பர் புஷ் கிடைக்கிறது என்றால் அதையே போடுங்கள் என்று சொல்லி அனுப்பிய நாட்களும் உண்டு. மென்மை வேண்டுகிறவருக்கு ரப்பருக்கு இணை இல்லை.

கே: கனமான கியர் நாப் போட்டால் கியர் நன்றாக விழும் என்கிறார்களே?

உண்மைதான், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கனம் கூடினால், ஒருமுறை நகர ஆரம்பித்த லீவர் அந்த வேகத்திலேயே சிங்க்ரோவின் சின்னத் தடங்கலைத் தாண்டிவிடுகிறது. கையில் படும் சொரசொரப்பு குறைகிறது.

எஃகில் 42 மி.மீ. உருண்டை ஒன்று கடைந்தேன். துளை போக ஏறத்தாழ 290 கிராம் வந்தது. கம்பெனி பிளாஸ்டிக் நாபைப் போல நான்கு மடங்கு. கியர் அருமையாக விழுந்தது. அது தை மாதம். சித்திரை வந்தது. ஈரோட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் கார் மூன்று மணி நேரம் நின்றது. சாப்பிட்டு வந்து, வழக்கம்போல நாபைப் பிடித்தேன். வெற்றிலை பாக்கு மறுகையில் இருந்ததால் அந்தக் கை தப்பியது. வீடு வரும்வரை கைக்குட்டையைச் சுற்றித்தான் கியர் போட்டேன். இப்போது இருப்பது, உள்ளே பித்தளைக் கட்டி, வெளியே டெல்ரின் ஓடு. கனமும் இருக்கிறது, கையும் பிழைத்தது.

நாபின் மரையைப் பார்த்து வாங்குங்கள். எம்10, எம்12 என்று இருக்கும், அதிலும் பிட்ச் 1.25, 1.5 என்று மாறும். ஏறவில்லை என்றால் முறுக்காதீர்கள். இன்னொன்று, கியர் ஏற்கெனவே தானாக வெளியே தள்ளும் காரில் கனமான நாப் வேண்டாம். குண்டு குழியில் குலுங்கும்போது அந்த எடையே லீவரை இழுத்துவிடும்.

கே: ஆக்ஸிலேட்டரை மிதித்தாலோ விட்டாலோ லீவர் தானாக முன்னும் பின்னும் அசைகிறது.

எஞ்சின் மவுண்டிங் போய்விட்டது. கம்பி லிங்கேஜ் உள்ள பழைய கார்களில் இது நன்றாகத் தெரியும்; எஞ்சின் ஆடினால் கம்பி ஆடும், கம்பி ஆடினால் லீவர் ஆடும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சைச் சற்றே விட, எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம்.

கே: தானாகக் கியர் மாறும் ஏ.எம்.டி. காரில் இதெல்லாம் செய்யலாமா?

வேண்டாம். அங்கே கியரைப் போடுவது உங்கள் கை இல்லை.

கே: ரேஸ் கார் மாதிரி கையில் "க்ளிக்" என்று விழவேண்டும். முடியுமா?

இந்த ஆசை கோவைக்காரர்களுக்கு வருவதில் வியப்பில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் காரை வடிவமைத்த கரிவர்தன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கி.மீ. ரேஸ் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும் கோவைதான். அவர் ஓட்டிய காரில் கியர் லீவரே கிடையாது என்பது வேறு கதை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு பட்டைகள்.

அந்தக் "க்ளிக்" கியர் பாக்ஸுக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் தருவது. கியரைத் தேர்ந்து நகர்த்தும் செலக்டர் தண்டில் உள்ள பள்ளத்தில் குண்டு விழும் சத்தம் அது. வெளியிலிருந்து அதை உண்டாக்க முடியாது. ஆனால் நடுவில் உள்ள புஷ்கள் பஞ்சு போல இருந்தால் அந்தச் செய்தி கைக்கு வந்து சேராது. ஆட்டத்தை எடுங்கள், ஏற்கெனவே உள்ளே இருக்கும் க்ளிக் வெளியே தெரியும்.

கே: வால்பாறைக்கோ திம்பத்துக்கோ போகும்போது மட்டும் மூன்றாவது கியர் தானாக வெளியே தள்ளிவிடுகிறது. சமதரையில் ஒன்றும் இல்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பத்தில் 27. ஏற்றத்தில் எஞ்சின் முழுப் பலத்தில் தள்ளும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளும். பல்லுக்கும் அதோடு மாட்டும் ஸ்லீவுக்கும் இரண்டு பக்கமும் பாரம் ஏறுகிறது. கியர் அரைகுறையாக மாட்டியிருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

முதலில் கேபிள் அட்ஜஸ்ட்மெண்டைப் பாருங்கள். லீவர் நியூட்ரலில் நேராக நிற்காமல் முன்பக்கம் சாய்ந்திருந்தால், முன்பக்கக் கியர்கள் முழுதாக உள்ளே போகாது. ஒன்று, மூன்று, ஐந்து மூன்றுமே தள்ளும் என்றால் அட்ஜஸ்ட்மெண்டின் மீது சந்தேகம்; மூன்று மட்டும் என்றால் உள்ளே ஸ்லீவை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் அல்லது ஸ்லீவ். லீவரின் தோல் பூட் இறுக்கமாகி லீவரைப் பின்னுக்கு இழுப்பதும் உண்டு. ஸ்டைலான பூட் வாங்கித் தைத்த கையோடு இது ஆரம்பிக்கும்.

அப்புறம் கை. ஓட்டும்போது இடது கையை லீவரின் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு. அந்தக் கையின் கனம், சுற்றும் ஸ்லீவின் மேல் ஃபோர்க்கை ஓயாமல் அழுத்துகிறது. பல வருடத்தில் ஃபோர்க் தேய்ந்து, கியர் தள்ள ஆரம்பிக்கும். போட்டதும் கையை எடுத்துவிடுங்கள். தள்ளுகிற கியரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மலை இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது வழக்கம். அந்தக் கியர் நிற்காத கார் மலைக்குப் போகவே கூடாது.

கே: உங்களிடம் புஷ் கடைய வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய புஷ், உடைந்து துண்டாக இருந்தாலும். அது மாட்டும் பின்னையும் கொண்டுவாருங்கள்; தேய்ந்த பின்னுக்குப் புது புஷ் கடைந்தால் நான்கு மாதத்தில் திரும்ப வருவீர்கள். கேபிள் முனையில் இருக்கும் சின்ன வாஷர், கிளிப் எல்லாவற்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். கழற்றுமுன் கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. ஞாயிறு பதினொரு மணிக்குள் வாருங்கள். அதற்குப் பிறகு கறிக்கடையில் நிற்பேன்.